அறுபது சொல்

புலவர் மாசிலாமணியிடம் தமிழுக்குப் பஞ்சமே இல்லை. நிலவுக்கு மட்டும் நாற்பது பெயர் சொல்வார். அவருடைய குறை வேறு. ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்ட மகள் வளர்மதியைப் பற்றி ஏழு வருடமாக ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தார். ஊரே மெச்சியது. மனைவி செண்பகம் மட்டும் ஒவ்வொரு முறையும் படித்துவிட்டு, "இது நம்ம புள்ள இல்லீங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குமேல் தாங்காமல், துறைமுகத் தெருவில் கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் நாச்சியாரிடம் போனார். நாச்சியாருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. வெட்கத்தை விட்டுத்தான் போனார்.

நாச்சியார் முதல் பக்கத்தைப் படித்தார். அதில் மகளின் முகம் முழுமதியாகவும் கண்கள் கயலாகவும் இருந்தன.

"வேற பாஷை ஏதாவது தெரியுமா புலவரே?"

"தமிழே கடலாச்சே. வேற எதுக்கும்மா?"

"துறைமுகத்துல ஒரு மலாய்க் கப்பல் பழுதாகி நிக்குது. அதுல யூசுப்னு ஒரு சமையல்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவர்கிட்ட மலாய் படிங்க. படிச்சு, உங்க பொண்ணைப் பத்தி அவருக்குச் சொல்லுங்க."

கதைக்கு வழி கேட்டால் கப்பலுக்கு வழி காட்டுகிறாரே என்று புலவருக்குக் கோபம். ஆனாலும் போனார். வெங்காயம் உரித்துக்கொடுத்தபடியே உப்பு, நெருப்பு, பசி என்று ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் அறுபது சொல் சேர்ந்தது. அதில் முழுமதியும் இல்லை, கயலும் இல்லை.

ஒரு மத்தியானம், "எனக்கு ஒரு மகள் இருந்தாள்" என்று மலாயில் சொன்னார். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

சமையல்காரருக்குச் சமையல்காரர் கேள்விதானே வரும். "என்ன சாப்பிடுவாள்?" என்று கேட்டார் யூசுப்.

"தோசை. ஓரம் அவளுக்கு. நடு எனக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது ஞாபகம் வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதார். யூசுப் வெங்காயக் கூடையைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து அதைத் தமிழில் எழுதினார். அரைப் பக்கம்தான் வந்தது. செண்பகம் படித்தாள். இந்த முறை தாளைத் திருப்பித் தரவில்லை.

"அந்த நடுவுல எப்பவும் அவ ரெண்டு விரல் பட்ட தடம் இருக்கும். அதையும் எழுதுங்க" என்றாள்.

எழுதினார். அவள் ஒன்று சொல்ல, இவர் ஒன்று நினைக்க, கதை நாளுக்கு நாள் வளர்ந்தது.

யூசுப்பிடம் படிப்பதையும் அவர் விடவில்லை. பல மாதம் கழித்து, பழுது தீர்ந்து கப்பல் கிளம்பிய அன்று புலவர் நாச்சியாரிடம் ஓடி வந்தார்.

"ஒரு சிக்கல்மா. இப்ப எனக்கு மலாய் சரளமா வருது. யூசுப்பை வழியனுப்பப் போன இடத்துல, நிலாவுக்கு அதுலயும் நாலு பேர் சொல்லிட்டேன்."

நாச்சியார் சிரித்தார்.

"அடுத்து எந்த ஊர்க் கப்பல் வருதுன்னு விசாரிச்சீங்களா புலவரே?"