அட்டமியில் நின்றுபோன சொல்

ஒரு பரிசுக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதைகளை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு பழிக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதை. பரிசென்றால் யாருக்கோ கொடுத்துவிட்டு எழுந்து போகலாம். பழியை அப்படிக் கொடுத்துவிட முடியாது. ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

கனடாவில், ஸ்கார்பரோப் பக்கம் சிவகடாட்சம் என்றொருவர் இருந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் காலை வேலை. மனைவி புனிதவதி, முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பவள். கார் ஓட்டாவிட்டால் அவளுக்கு அந்த வேலை இல்லை. ஒரே மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் அவள் பரீட்சையில் தேறி, தனியாகக் கார் ஓட்டும் லைசென்சோடு வீட்டுக்கு வந்தாள்.

லைசென்ஸ் மட்டும் போதாது. அவள் பெயரைக் குடும்பக் காரின் காப்புறுதியிலும் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் ஓட்டி எங்காவது இடித்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடலாம். இது தெரிந்த சிவகடாட்சம் அன்றைக்கே இன்சூரன்ஸ் முகவர் காண்டீபனை அழைத்தார். காண்டீபன் ஊர்க்காரன், பத்து வருடப் பழக்கம்.

“படிவம் ரெடி அண்ணை. கையெழுத்தைப் பிறகு ஆறுதலா வையுங்கோ. இப்ப ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும், பேரைச் சேர்த்துவிடுறன்” என்றான் அவன்.

சிவகடாட்சம் ‘ஆம்’ என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற புனிதவதி சுவரில் தொங்கிய நாட்காட்டியைத் தட்டிக் காட்டினாள். அன்று அட்டமி. மறுநாள் நவமி.

“நாள் செய்வது நல்லார் செய்யார் எண்டு சும்மாவே சொன்னவை? புதன்கிழமை தசமி. அண்டைக்குச் சொல்லுங்கோ.”

இருபது வருடம் பனியில் உழன்றாலும் அட்டமி நவமியைக் கைவிடாத சனம் நாங்கள். “புதன்கிழமை சொல்லுறன் தம்பி” என்று சிவகடாட்சம் போனை வைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, பெயர் சேரும்வரை கார்த் திறப்பை, அதாவது சாவியை, தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினார்.

“அம்மாவாணை தொடமாட்டன்” என்றாள் ஆரணி.

செவ்வாய் காலை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும் உறைமழை பெய்தது. தெருவெல்லாம் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுக்கியது. சிவகடாட்சம் விடியவே வேலைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓடாததால் ஆரணி வீட்டில் நின்றாள். எட்டரை மணிக்குப் புனிதவதிக்கு ஆஸ்துமா இழுப்பு வந்தது. வாயில் அடிக்கும் மருந்து தீர்ந்திருந்தது. ஆரணி ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். வீதிகள் மோசம், எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரியோ ஐந்து நிமிடத் தூரம். தாயின் உதடுகள் நீலம் பாரித்தன. எந்தத் தாயின் மேல் ஆணையிட்டாளோ அந்தத் தாய்க்காகவே ஆரணி திறப்பை எடுத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்பும் இடத்தில், பிரேக் பிடித்தும் கார் நிற்கவில்லை. நடந்து போய்க்கொண்டிருந்த முதியவர் ஒருவரை அது இடித்துத் தள்ளியது. ஆரணி கதறிக்கொண்டு இறங்கி ஓடி, தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவர் தலைக்கு அடியில் வைத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். உள்ளிருந்து ஊழியர்கள் ஓடிவந்து அவரையும் காரிலிருந்த புனிதவதியையும் தூக்கிப் போனார்கள். புனிதவதி பிழைத்தாள். முதியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அன்று நகரமெங்கும் விபத்துகள். விசாரிக்க மறுநாள் வருவதாகப் பொலிஸ் சொல்லியனுப்பியது.

புதன் காலை காண்டீபன் விபத்துப் படிவத்தை எடுத்து வைத்தான். ‘காரை ஓட்டியவர்’ என்ற இடத்துக்கு வந்தபோது போன் அடித்தது.

“நான் ஓட்டினன் எண்டு எழுது தம்பி. வேலையிலயிருந்து ஓடி வந்தனான் எண்டு சொல்லுவன். வாழப்போற பிள்ளை, அவளின்ர பேரில இது விழக்கூடாது” என்றார் சிவகடாட்சம்.

அடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து புனிதவதி. மூச்சு இன்னும் சீராகவில்லை. “நான்தான் ஓட்டினன், எழுதுங்கோ தம்பி. என்ர பேர் காப்புறுதியில இருக்கு, அந்த மனுசனுக்கும் நட்டஈடு கிடைக்கும். மூச்சு முட்டேக்க ஓட்டினது பிழையெண்டு என்ர லைசென்சைப் பறிச்சால் பறிக்கட்டும். நாள் பார்த்தது நான்தானே?”

மூன்றாவது, ஆரணி. “மாமா, அவை என்ன சொன்னாலும் என்ர பேரை எழுதுங்கோ.”

“எழுதினால் நிறுவனம் கைவிரிச்சாலும் விரிக்கும், பிள்ளை. வீட்டை விக்க வேண்டி வரலாம். விளங்குதோ?”

“விளங்குது மாமா” என்றாள்.

மகளைக் காக்கப் பொய் சொன்ன தகப்பன். பிழைப்பையே பணயம் வைத்துப் பொய் சொன்ன தாய். உண்மையைச் சொல்லி வீட்டையே ஆபத்தில் நிறுத்திய மகள். காண்டீபன் யார் பெயரை எழுத வேண்டும்? இதில் யார் செய்தது சரி?

விடை: ஆரணி செய்ததே சரி. பொய் பாவம் என்று பாடம் நடத்த நான் வரவில்லை. பெற்றவர்கள் சொன்னது அன்பினால் சொன்ன பொய். ஆனால் அந்த முதியவர் ஓட்டியவளின் முகத்தைப் பார்த்தவர். அவரைக் கேட்டால் ஓர் இளம்பெண் என்றுதான் சொல்வார். குடும்பம் ஒன்றாக நின்று வேறொன்றைச் சொன்னால், எலும்பு முறிந்து கிடக்கும் மனிதரையே பொய்யராக்க வேண்டியிருக்கும். பழியில் யாருக்குப் பங்கு என்று கேட்டால், அது சத்தியத்தை மீறியவளுக்கு அல்ல, ஒரு ‘ஓம்’ சொல்ல நாள் பார்த்தவர்களுக்கு. காண்டீபன் ஆரணியின் பெயரையே எழுதினான். நிறுவனத்தின் பதில் இன்னும் வரவில்லை. அன்று மத்தியானம் பொலிஸ்காரர் வந்து கேட்டபோது, ஆரணி வாய் திறக்குமுன் சிவகடாட்சம் எழுந்து நின்றார். “என்ர மகள்தான் ஓட்டினவள்” என்று சொல்லிவிட்டு, அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.