கன்னம் நிறையப் பாலைப்பழம்

பாலைமரக் காட்டுக் குரங்கு வகிடன் அன்று விடிந்ததும் மூட்டை கட்ட உட்கார்ந்தான். மூட்டை என்றதும் துணியும் கயிறும் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் இனத்துக் குரங்குகளுக்கு இரண்டு கன்னத்துக்குள்ளும் பை உண்டு. கிடைத்ததை அதில் அடைத்துக்கொண்டு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம். தலைமயிர் நடுவகிடு எடுத்துச் சீவினாற்போல இருப்பதால் அவனுக்கு வகிடன் என்று பெயர்.

அன்றைக்கு அவன் போக வேண்டியது சாதாரணப் பயணம் இல்லை. அவன் மனைவி தளிரி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். தாய்வீடு இருப்பது பொட்டல் பாறைக்கு அந்தப் பக்கம், நாவல்மடு என்கிற இடத்தில். ஆண் குட்டி பிறந்து, பால் குடித்துத் தேறிவிட்டது. இன்றைக்கு அதற்கு முதல் இனிப்பு ஊட்டுகிறார்கள் என்று மைனா வந்து தகவல் சொல்லியிருந்தது. வகிடன் இன்னும் பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்துக் குரங்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டிக்கு முதல் இனிப்பை, தன் சொந்தக் காட்டுப் பழமாக, அப்பன்தான் தன் கன்னத்திலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். பொழுது சாய்வதற்குள் அப்பன் வரவில்லையென்றால் தாய்மாமன் ஊட்டிவிடுவான். அப்புறம் குட்டி தாய்மாமன் கூட்டத்திலேயே வளரும். அப்பன் போய்த் தலைகீழாக நின்றாலும் திருப்பித் தர மாட்டார்கள்.

அதனால் வகிடன் வலது கன்னத்தில் பாலைப்பழத்தை அடைத்தான். அடைத்தான், அடைத்தான், அடைத்துக்கொண்டே இருந்தான். ஏன் தெரியுமா? தன் கல்யாணத்துக்கு நாவல்மடு போனபோது அவன் எதுவும் கொண்டுபோகவில்லை. "எங்க மச்சானுக்கு ரெண்டு கன்னத்துலயும் காத்துதான்" என்று தளிரியின் அண்ணன் சொன்ன கேலி இன்னமும் நாவல்மடுவில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அந்த மச்சான் வாயை அடைத்துவிட வேண்டும் என்று இவன் தன் வாயை அடைத்துக்கொண்டான். இடது கன்னத்தில் வழிச்சாப்பாடு: நிலக்கடலை, கொடுக்காப்புளி. கடைசியில் உதடு மூடவே இடமில்லை.

மேல் கிளையில் உட்கார்ந்து இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான் நெட்டைவாலன். இவன் வேறு இனத்துக் குரங்கு. கரிய முகம், நீண்ட வால். கன்னத்தில் பை கிடையாது. வயிறு மட்டும் கொஞ்சம் பெரிது. விருந்து என்று காதில் விழுந்ததும் தானும் துணைக்கு வருவதாகச் சொல்லிவிட்டான்.

"பயணம்னா கையை வீசிக்கிட்டுப் போகணும்டா வகிடா! நீ என்னமோ குடியே பெயர்ந்து போற மாதிரி கட்டிக்கிட்டு நிக்கிற. என்னைப் பாரு. எனக்குன்னு என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. அதான் நிம்மதியா இருக்கேன்."

வகிடனுக்கு இதற்குச் சுடச்சுடப் பதில் இருந்தது. சொல்லத்தான் வாயில்லை.

"ம்ம்" என்றான்.

"பாத்தியா, நீயே ஒத்துக்கிட்ட" என்று நெட்டைவாலன் கிளம்பிவிட்டான்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், சுமை இல்லாத நடை அழகாகத்தான் இருந்தது. பொட்டல் பாறையில் ஒரு பெரிய வெடிப்பு இருந்தது. நெட்டைவாலன் அதை ஒரே தாவில் தாண்டி, அந்தப் பக்கம் நின்று வாலைச் சுழற்றிக் காட்டினான். வகிடனும் தாவினான். கன்னத்தின் கனத்தால் பாதி உடம்புதான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. விளிம்பைப் பிடித்துத் தொங்கி, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு மேலே வந்தான். அவனுக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு பழத்தை ஏன் திணித்தோம் என்று கூடத் தோன்றியது. உடனே மச்சான் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். பல்லைக் கடிக்கவும் பழம் விடவில்லை, அது வேறு.

ஒரு கள்ளிப் புதர் நிழலில் முயல் படுத்திருந்தது. நெட்டைவாலன் அதனிடம் சட்டென்று பழகிவிட்டான். ஊர்க் கதை, உறவுக் கதை எல்லாம் பேசினான். முயல் வகிடனையும் பார்த்து எங்கே பயணம் என்று அன்பாகக் கேட்டது. வகிடன் "ம்ம்ம்" என்று கையால் திசை காட்டினான்.

"ஐயோ பாவம், ரெண்டு பக்கமும் வீங்கிப்போச்சே!" என்று முயல் பதறியது. பல்வலியோடு வெயிலில் அலையலாமா, வேப்பங்குச்சியை மெல்லக் கூடாதா என்று அது வைத்தியம் சொல்லத் தொடங்கியது. நெட்டைவாலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வகிடன் கோபத்தில் காது சிவக்க மேலே நடந்தான்.

உச்சிவெயில் வந்தது. பாறையில் ஒரு பச்சை இலை இல்லை. நெட்டைவாலன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவன் இனத்துக்கு இலைதான் சாப்பாடு. போகிற இடத்தில் இலை இருக்கும், பறித்துத் தின்றால் ஆயிற்று என்பதுதான் அவன் கணக்கு. பாறைக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. அவன் முன்னால் போவதை விட்டு வகிடன் பக்கத்தில் ஒட்டி நடக்க ஆரம்பித்தான்.

"வகிடா, உனக்குக் கன்னம் ரொம்பக் கனக்குதுபோல. பாக்கவே கஷ்டமா இருக்குடா. கொஞ்சம் இறக்கி வைக்கட்டுமா?"

"ம்ம்ம்ம்!" என்று வகிடன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்பதற்குத்தான் ஆட்டினான்.

"சரி, நீயே ஆசைப்படுற" என்று நெட்டைவாலன் இடது கன்னத்துக்குள் விரலை விட்டு ஒரு கடலையை எடுத்துக்கொண்டான். சற்று தூரம் போனதும் இன்னொன்று. அப்புறம் கொடுக்காப்புளி. ஒவ்வொரு தடவையும் நண்பன் பாரத்தைத் தான் குறைப்பதாகச் சொல்லிச் சொல்லியே எடுத்தான். பாதி வழிக்குள் இடது கன்னத்துக் கடலை காலி; வலது பக்கம் பிதுங்கி நின்ற பழங்கள் நகர்ந்து அந்த இடத்தையும் அடைத்துக்கொண்டன. வகிடன் வயிற்றுக்குள் ஒரு கடலைகூடப் போகவில்லை. சாப்பிட்டு முடித்துத் தெம்பு வந்ததும் நெட்டைவாலன் மறுபடி கையை வீசிக்கொண்டு முன்னால் போனான். சுமை இல்லாமல் வருவதில் உள்ள சுகத்தைப் பற்றி மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டான்.

இப்படிப் பேசிக்கொண்டே போனவன் பிளந்த பாறைக்கு வந்து சேர்ந்தான். அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் நாவல்மடு. வலது பக்கம் போனால் மனிதர்களின் மாந்தோப்பு. வழி தெரிந்தவன் வகிடன் மட்டும்தான். வழி தெரியாத நெட்டைவாலன் வலது பக்கம் திரும்பினான்.

"ம்ம்! ம்ம்ம்! ம்ம்!" என்று வகிடன் குதித்தான்.

"என்ன, என் நடையைப் பாத்து மெச்சுறியா? இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேகமாகப் போனான்.

வகிடன் அங்கேயே நின்று யோசித்தான். வாய்விட்டுக் கூப்பிட வேண்டுமானால் பழத்தைத் துப்ப வேண்டும். பாலைப்பழமோ பசைபோல ஒட்டும். புழுதியில் விழுந்தால் மண் உருண்டைதான். அதைக் கொண்டுபோய் மச்சான் முன்னால் எப்படி நீட்டுவது? இவனை விட்டுவிட்டு நாம் மட்டும் போய்விடலாமா என்றும் தோன்றியது. அந்த வழியின் முடிவில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். கிறுக்குப் பயல், தெரியாமல் போகிறான். முன்னால் ஓடிப்போய் மறித்துவிடலாம் என்று பின்னாலேயே ஓடினான். சுமையோடு ஓடுகிறவன் சும்மா நடக்கிறவனை எங்கே பிடிக்கிறது?

மாந்தோப்பு வேலி வந்துவிட்டது. மாவிலையைப் பார்த்ததும் நெட்டைவாலன் வேலி தாண்டித் தரையில் குதித்தான். அவன் கண் மரத்தின் மேலே இருந்தது. வைக்கோல் போருக்குப் பின்னால் இரண்டு நாய்கள் எழுந்து நிற்பதை வகிடன்தான் பார்த்தான். அவை சத்தமில்லாமல் பதுங்கி வந்தன.

"ம்ம்ம்ம்!" என்றான் வகிடன். நெட்டைவாலன் கையை ஆட்டி, "போதும்டா புகழ்ந்தது" என்றான்.

முன்னால் வந்த நாய் பாய்வதற்குத் தயாராகிக் குனிந்தது. வகிடன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். காலையிலிருந்து காத்து வந்த அத்தனை பழத்தையும் 'தூ' என்று துப்பினான்.

"நாயி! மரத்துல ஏறுடா!"

நெட்டைவாலன் எகிறினான். நாயின் பல்லில் வால் நுனி மயிர் மட்டும் சிக்கியது. வகிடனும் பக்கத்து மரத்துக்குத் தாவினான். கீழே பாலைப்பழங்கள் நாய்களின் கால்களில் மிதிபட்டு மண்ணோடு மண்ணாயின.

அதைப் பார்த்து வகிடனின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பிள்ளை முகத்தைப் பார்க்கும் முன்னாலேயே பிள்ளையைத் தொலைத்துவிட்டேனே என்று விம்மினான். அழுகை கோபமாக மாறியது.

"உனக்குச் சுமையே இல்லேன்னு காலையிலேர்ந்து பீத்திக்கிட்டியே! உன் சாப்பாட்டையும் நான்தானடா சுமந்தேன்?"

நெட்டைவாலன் வாயடைத்துப் போனான். அன்றைக்கு அவன் வாய் மூடியது அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக, "தப்புதான்டா" என்றான். "ஆனா வழி தப்புன்னு நீ அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றும் சேர்த்துக்கொண்டான்.

"எந்த வாயால சொல்றது?" என்று வகிடன் சீறினான். கேட்டு முடித்ததும் அவனுக்கே உறைத்தது. குட்டியின் வாய் எத்தனை பெரிது? அரைப் பழம் கொள்ளுமா? மீதி எல்லாம் யாருக்காகச் சுமந்தது? மச்சானுக்காக. அந்த மச்சான் ஒருத்தன் கண்ணுக்காகப் பேச்சையும் வழியையும் தொலைத்தாயிற்று.

நெட்டைவாலன் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். வேலியோரப் புல்லில் ஒரே ஒரு பழம் மண் படாமல் கிடந்தது. வகிடன் நாய்களை அந்தக் கோடிக்கு இழுத்தால், தானே இறங்கி எடுத்துவிடுவதாக அவன் சொன்னான். மயிர் போன வால் நுனியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான். ஆனாலும் அவன் பின்வாங்கவில்லை.

வகிடன் தோப்பின் மறுகோடிக்குத் தாவினான். இப்போது அவன் வாய் காலி. காலையிலிருந்து வாய்க்குள்ளேயே அடங்கிக் கிடந்த திட்டெல்லாம் நாய்கள்மேல் கொட்டியது. நாய்களின் அப்பன், பாட்டன், அவை தின்கிற பழைய சோறு என்று ஒன்றையும் விடவில்லை. மானமுள்ள நாய்கள் இரண்டும் அந்த மரத்தடிக்கு ஓடிவந்து குரைத்தன. அந்த நேரத்தில் நெட்டைவாலன் இறங்கி, பழத்தைப் பொறுக்கிக்கொண்டு, வேலிக்கு வெளியே போய்விட்டான்.

வகிடனும் மரத்துக்கு மரம் தாவி வேலி தாண்டினான். பிறகு ஓட்டம். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வகிடன் முன்னால் ஓடி, இங்கே திரும்பு, அங்கே தாவு என்று வழி சொல்லிக்கொண்டே போனான். சுமையில்லாத உடம்பு பறந்தது. பின்னால் வந்த நெட்டைவாலன்தான் திணறினான். அவனுக்குக் கன்னத்தில் பை இல்லையே! பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மீதி மூன்று காலால் நொண்டி நொண்டி ஓடினான். அழுத்திப் பிடித்தால் நசுங்குகிறது. விட்டால் உருள்கிறது. போதாததற்குப் பசி வேறு. பழத்தின் வாசனை மூக்கிலேயே நின்றது. ஆனாலும் அவன் அதை நக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு பழம் இந்தக் கனம் கனக்குமாடா?" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

நாவல்மடுவின் முதல் மரம் வந்ததும் பழம் கை மாறியது. வகிடன் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். அங்கே தளிரி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழியையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணன் நாவல்பழத்தை விரலில் எடுத்து, குட்டியின் உதடுவரை கொண்டுபோய்விட்டான்.

"நில்லுங்க மச்சான்!" என்று வகிடன் கத்தினான்.

ஒரு பழம் கன்னத்தில் இருந்தபோதும் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. கன்னம் நிறையக் கொண்டுவந்திருந்தால் அங்கேயும் 'ம்ம்' என்றுதான் சொல்லியிருப்பான், பிள்ளை போயிருக்கும். மச்சான் கை அப்படியே நின்றது. வகிடன் பழத்தை எடுத்துப் பிய்த்து, ஒரு சின்னத் துணுக்கைக் குட்டியின் நாக்கில் வைத்தான். குட்டி முகத்தைச் சுளித்தது. பிறகு சப்புக்கொட்டியது. பிறகு அப்பன் விரலைப் பிடித்துக்கொண்டு இன்னும் கேட்டது. தளிரி சிரித்துக்கொண்டே அழுதாள்.

மச்சானால் சும்மா இருக்க முடியுமா? "ஒத்தப் பழந்தானா மச்சான்?" என்றான். வகிடன் அதற்குப் பதில் சொல்லவில்லை. வாய் காலியாக இருந்தும் சொல்லவில்லை, பிள்ளை விரலைப் பிடித்திருந்தது.

விருந்து முடிந்து ஊர் திரும்பும்போது தளிரி குட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டாள். வழிச்சாப்பாட்டுக்கு வகிடன் ஒரு கன்னத்தை மட்டும் நிரப்பினான். நெட்டைவாலன் யாரும் சொல்லாமலே ஒரு கொத்து நாவல் இலையையும் ஒரு கொத்து நாவல்பழத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மூன்று காலில் நொண்டினான். வழியில் அதே முயல் அவனைப் பார்த்து, காலில் முள் குத்திவிட்டதா என்று பரிவோடு விசாரித்தது.

கையை வீசிக்கொண்டு போகிறவன் தன் சுமை யார் கன்னத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும், சுமந்துகொண்டு போகிறவன் 'நில்' என்று சொல்லவாவது வாயில் இடம் விட்டு வைக்க வேண்டும்.