நிரஞ்சனின் முன்பதிவு

எங்கள் குருநாதருக்குத் தாடி இல்லை, காவி இல்லை. கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பிரஷர் மாத்திரை, மேசை மேல் ஆறிப்போன டீ. அவ்வளவுதான் அடையாளம். பரணிதரன் என்று பெயர். சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் காமிக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

வயதில் என்னைவிட இளையவர். ஆனாலும் நாங்கள் குருநாதர் என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் வீட்டுக்காரம்மாவே ஒருநாள் போனில் "குருநாதர் இருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டார்.

காரணம் இருக்கிறது. புதிதாக ஒருவர் படியேறி வந்தால், எந்த ஊர், என்ன வேலை, சாப்பிட்டாச்சா என்று ரெண்டு வார்த்தை பேசுவார். பேச்சுவாக்கில் பின்னாலிருந்து ஒரு புத்தகத்தை உருவி நீட்டுவார். அடுத்த மாதம் அந்த ஆள் தானாக வந்து நிற்பார். "ஆளைப் பார்த்தே சொல்லிடுவார்" என்று பேர் பரவிவிட்டது. நாங்களும் எங்கள் பங்குக்கு ஊதிப் பெரிதாக்கினோம்.

காமிக்ஸ் எல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று முகத்தைச் சுளிப்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, நான் படிக்கிறேன். அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிழா. இனி வரப்போகும் புத்தகங்களின் அறிவிப்பு வந்திருக்கும். குருநாதர் அட்டைப் படங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுவார். எது வேண்டும், எது வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கேட்டவர்கள் எண்ணிக்கைக்குத்தான் அச்சடிப்பார்கள். பிறகு வந்து தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. அந்தச் சுவர் முன்னால் நாங்கள் போடும் சண்டை கீழே டயர் கடை வரைக்கும் கேட்கும்.

அதில் பெரிய குரல் நிரஞ்சனுடையது. போன வருஷம் ஆவணியில் அந்தக் குரல் நின்றுபோனது. காய்ச்சல் என்று படுத்தான். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பையன். இன்னும் எங்களுக்கு அது ஜீரணமாகவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து, அடுத்த முதல் ஞாயிறு அவன் அம்மா படியேறி வந்தார். வசந்தகோகிலம் அம்மா. தொலைபேசி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் முன்பே தவறிவிட்டார். நிரஞ்சன் ஒரே பிள்ளை.

"என் பையன் இங்கதான் வருவானாமே தம்பி?"

"ஆமாம்மா. உக்காருங்க."

"இந்த மாசத்துக்கு எதாவது சொல்லி வெச்சிருந்தானா?"

குருநாதர் பின்னால் அடுக்கிலிருந்து நிரஞ்சன் பேர் எழுதிய பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தார். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"இதெல்லாம் இனிமே வரப் போறதா?"

"ஆமாம்மா."

"இதுல அவன் எதைக் கேட்டிருப்பான்?"

எங்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "பாலைவனக் குதிரைக்காரன்னா அவனுக்கு உயிரும்மா" என்றேன் நான். "சும்மா இருங்க சார், டாக்டர் துப்பறியற கதைதான் அவனுக்குப் பிடிக்கும்" என்றார் மருந்துக்கடை ஜாபர். ஜாபருக்கு டாக்டர் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்பது ஊருக்கே தெரியும். என் சங்கதியும் தெரியும்.

குருநாதர் எங்களைக் கையமர்த்தினார்.

"அவன் சேர்த்துக்கிட்டு இருந்த தொடர்கள்ல அடுத்த பாகம் மூணு வருதும்மா."

"மூணையும் போடுங்க. பேரு நிரஞ்சன்னே இருக்கட்டும்."

அப்படி ஆரம்பித்தது. மழையோ வெயிலோ, முதல் ஞாயிறு தவறாமல் வருவார். புத்தகத்தை வாங்கிப் போய் மகன் அலமாரியில் எண் வரிசைப்படி அடுக்குவார். "நடுவுல ஒண்ணு விட்டுப்போயிடக் கூடாது தம்பி. வந்தா கத்துவான்" என்றார் ஒருதடவை. வந்தா என்றுதான் சொன்னார். எங்களில் யாருக்கும் அதைத் திருத்த மனசு வரவில்லை.

தை மாதம் வாக்கில் குருநாதரிடம் இப்படிக் கேட்டார்:

"தம்பி, நீங்க ஆளைப் பார்த்தே சொல்லிடுவீங்களாமே. அதை எனக்குக் கத்துக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"மாசாமாசம் உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கு? பெத்தவ நானு. அவனுக்கு எது பிடிக்கும்னு நானே பார்த்துச் சொல்லணும்."

குருநாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப முதல்ல படிங்கம்மா."

படிப்பது லேசாகவா இருந்தது? முதல் நாள் பெரிய கூத்து. அம்மா ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன தம்பி இது, இவன் கேக்கறதுக்கு முன்னாடியே அவன் பதில் சொல்றான்?" குருநாதர் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்துக் காட்டினார். இந்தக் கட்டம், அப்புறம் இந்தக் கட்டம், அப்புறம் கீழே. அறுபது தாண்டிய அம்மா அந்த விரலைத் தொடர்ந்து எழுத்துக்கூட்டுவது போலப் படித்தார்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் வந்தார். ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நாளில் எங்களையே மடக்க ஆரம்பித்தார்.

"இந்தக் குதிரைக்காரனுக்குப் பொண்டாட்டி புள்ளை கிடையாதா? எதுக்கு ஊர் ஊராப் போய்ச் சுட்டுக்கிட்டே திரியறான்?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாகப் படிக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒருநாள் அவர் கையில் ரெண்டு கிழட்டுத் திருடர்கள் கதை மாட்டியது. திருடப் போன வீட்டில் குழாய் ஒழுகினால் அவர்களுக்குப் பொறுக்காது. ரிப்பேர் செய்ய உட்கார்ந்து மாட்டிக்கொள்வார்கள். அம்மா படித்துக்கொண்டே வந்தவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று பதறிப்போய்ப் பார்த்தால், சிரிக்கிறார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அடுத்த பாகம் வருதும்மா. போடட்டுமா?" என்றார் குருநாதர்.

சிரிப்பு டக்கென்று நின்றது.

"வேண்டாம் தம்பி. நிரஞ்சன் அலமாரியில இது இல்ல."

புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நான் கத்துக்கிட்டேனா இல்லையா? சொல்லுங்க" என்று இன்னொரு நாள் கேட்டார்.

குருநாதர் அன்றைக்கு வந்த குதிரைக்காரன் புத்தகத்தைப் பிரித்தார். கடைசிக்கு முந்தின பக்கம். எதிரி கீழே விழுந்து கிடக்கிறான், துப்பாக்கியும் கையில் இல்லை. அடுத்த கட்டத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"இப்ப என்ன பண்ணுவான்மா?"

"என்ன பண்ணுவான், சுடுவான். வேற என்ன தெரியும் அவனுக்கு?"

குருநாதர் கையை எடுத்தார். குதிரைக்காரன் தண்ணீர்க் குடுவையைத் திறந்து எதிரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இது என்ன தம்பி அநியாயம்? நூறு புத்தகமா சுட்டவன் இன்னிக்குத் தண்ணி குடுக்கறான்?"

"ஆமாம்மா."

"இப்படி இருந்தா எப்படித்தான் கண்டுபிடிக்கறது?"

குருநாதர் புத்தகத்தை மூடினார். டீ சொல்லி அனுப்பினார். "நானா இருந்தா தண்ணி குடுப்பான்னு சரியாச் சொல்லியிருப்பேன்" என்று ஜாபர் அளந்துகொண்டிருந்தார்.

அடுத்த மார்கழி வந்தது. மார்கழி மற்ற மாதம் மாதிரி இல்லை. வரும் வருஷம் முழுமைக்கும் என்னென்ன தொடர்கள் என்ற அறிவிப்பு மொத்தமாக வரும். அன்று சுவரில் இடம் போதாமல் கதவிலும் ஒட்டியிருந்தார் குருநாதர். நாங்கள் எட்டி எட்டிப் பார்த்தோம்.

வசந்தகோகிலம் அம்மா நிதானமாக ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டு போனார். கதவு வரை போனார். திரும்பி முதலிலிருந்து பார்த்தார்.

"தம்பி, அவனோடது ஒண்ணும் இல்லையே?"

"எல்லாத் தொடரும் இந்த வருஷத்தோட முடிஞ்சிருச்சும்மா. வரப்போறது எல்லாமே புதுசு."

அம்மா சுவரில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஓர் அட்டையைத் தொட்டார். கப்பல் ஓட்டும் ஒருத்தியின் கதை. ஆறு பாகம். யாரும் கேள்விப்படாத ஓவியர்.

"இதை வாங்குவானா?"

"கண்டிப்பா வாங்குவான்மா" என்றேன். "கடல் கதைன்னாலே அவன் ஓடிடுவான்மா" என்றார் ஜாபர். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். குரல் ஏறிவிட்டது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கப்பா!"

அம்மா அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதில்லை. அடங்கிப்போனோம்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. சாயந்திரத்துக்குள்ள சொல்லணும்ல? நிரஞ்சன் இதை வாங்குவானா, மாட்டானா?"

"தெரியலம்மா."

"தெரியலையா? படிச்சு முடிச்சு வேலைக்குப் போன நாள்லேர்ந்து உங்ககிட்டதான வந்தான். யார் யாருக்கோ மூஞ்சியைப் பார்த்ததும் எடுத்துக் குடுக்கறீங்க. என் புள்ளைக்கு மட்டும் தெரியலையா?"

"தெரியலம்மா."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அடக்கி அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்தது.

"புத்தகத்துக்காகவா தம்பி நான் அழறேன்? இத்தனை நாளும் அவன் பார்த்தது, அவன் சொன்னது, அதோட அடுத்த பாகம்னு வாங்கினேன். இது அவனுக்குத் தெரியாத புத்தகம். அவன் இல்லாதப்ப வந்தது. இதுக்கு அவன் என்ன சொல்லுவான்னு எனக்கே தெரியலன்னா, அப்புறம் அவன் எங்கிட்ட எங்க இருக்கான்? அவனைத் தூக்கிட்டுப் போனப்பகூட எனக்கு இவ்வளவு பயமா இல்ல."

ஜாபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

குருநாதர் நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, எனக்கு ஒரு வித்தையும் தெரியாது. வர்றவங்ககிட்ட ஊர்க்கதை பேசறப்ப அவங்க கண்ணு எந்த அட்டைக்குப் போகுதுன்னு பார்ப்பேன். அதை எடுத்துக் குடுப்பேன். நான் சொல்றதில்ல, அவங்கதான் சொல்றாங்க."

"நிரஞ்சனுக்கும் அப்படியா?"

"அவன்கிட்ட அதுகூடப் பலிக்காதும்மா. இதைத்தான் எடுப்பான்னு ஒவ்வொரு மாசமும் ஒண்ணை நினைச்சு வெச்சிருப்பேன். வந்ததும் அதை விட்டுட்டு வேற ஒண்ணைக் கேப்பான். ஒருதடவைகூட நான் நினைச்சது சரியா வந்ததில்ல."

அழுகைக்கு நடுவில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"வீட்டுலயும் அப்படித்தான் தம்பி. தோசைன்னு மாவு கரைச்சு வெச்சா, சோறு இல்லையாம்பான். சோறு ஆக்கி வெச்சா, தோசை ஊத்தலையாம்பான். தினம் சண்டைதான்."

சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது.

"அப்ப இத்தனை வருஷமா அவனுக்கு எப்படித்தான் புத்தகம் குடுத்தீங்க?"

"அவனைக் கேட்டேன்மா. நிரஞ்சா, உனக்கு எது வேணும்னு கேட்டேன்."

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இனிமே கேக்க முடியாதே தம்பி."

"முடியாதும்மா."

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். சுவரைப் பார்க்கவில்லை. குருநாதரையே பார்த்தார். கடைசியாக ஒன்றையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"சரி, புதுசை விடுங்க. நான் இத்தனை மாசமா வாங்கி அடுக்கினேனே. அதெல்லாம் அவனுக்குப் பிடிச்சிருக்கும்ல? அதையாவது சொல்லுங்க."



"எப்படிம்மா சொல்லுவேன்? நீங்க அடுக்கினது அடுக்கினபடியே இருக்கு. நிரஞ்சன் இருந்திருந்தா, அதுல ஒண்ணையாவது 'எனக்கு இது வேண்டாம்'னு திருப்பிக் கொண்டாந்து என் மேசை மேல போட்டிருப்பான்மா."