வறட்சி எப்போது முடிந்தது?

செங்கரை நாட்டில் இரண்டு வருஷம் சொட்டு மழை இல்லை. ஏரி வற்றி அடிமண் தெரிந்தது. பயந்துபோன ராஜா மணவாளசிங்கர் ஓர் ஆணை போட்டார்:

'வறட்சி முடிந்தது என்று மந்திரி அறிவிக்கும்வரை ஏரித் தண்ணீரை யாரும் திறந்துவிடக் கூடாது. திறந்தவனை ஏரியின் நடுவில் கம்பத்தில் கட்டி மூன்று நாள் வெயிலில் நிறுத்த வேண்டும். புகார் சொன்னவரே பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டும்.'

மந்திரியின் பெயர் ஆபத்சகாயம். பெயர் மட்டும்தான் அப்படி.

ஐப்பசியில் மழை வந்தது. வந்தது என்றா சொன்னேன்? வானம் பொத்துக்கொண்டு மூன்று நாள் கொட்டித் தீர்த்தது! ஏரி தளும்பி, கரை கசிய ஆரம்பித்தது. மதகுக்காரன் சடையாண்டி பார்த்தான். சும்மா இருந்தால் ஊரே போய்விடும். திறந்தால் தன் உயிர் போய்விடும். சாமியைக் கும்பிட்டுக்கொண்டு மதகுப் பலகையைத் தூக்கிவிட்டான். ஊர் பிழைத்தது. ஓடையை வளைத்து மந்திரி போட்டிருந்த வெள்ளரித் தோட்டம்தான் அடித்துக்கொண்டு போனது.

மறுநாள் சபையில் மந்திரி குதித்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"அரசே, வறட்சிக் காலத்தில் இவன் தண்ணீரைத் திறந்துவிட்டான்!"

"வறட்சியா? ராத்திரி என் கட்டிலுக்கடியில் தவளை கத்தியதே!"

"தவளைக்கு அறிவிக்கும் அதிகாரம் கிடையாது, அரசே. நான் இன்னும் அறிவிக்கவில்லை. ஆகவே இது வறட்சிதான்."

ராஜா தலையைச் சொறிந்தார். ஆணையில் இருப்பது அவருடைய முத்திரை. மீறினால் மானம் போகும். சடையாண்டியோ ஊரைக் காப்பாற்றியவன். அந்த நல்லவனைத் தண்டிக்கவும் மனம் வரவில்லை.

அப்போது அரண்மனை விகடகவி உத்தண்டி எழுந்தான்.

"மந்திரியார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. தண்டனையை இப்போதே நிறைவேற்றுவோம்."

அட பாவி, நீயுமா என்று சபையே அவனை முறைத்தது. உத்தண்டி அசரவில்லை.

"சடையாண்டியை ஏரி நடுவில் கட்டுங்கள். மந்திரியார் பக்கத்தில் காவல் நிற்கட்டும். ஐயா, குடை கொண்டுவரச் சொல்லட்டுமா? வறட்சி வெயில் மண்டையைப் பிளக்கும்."

மந்திரிக்கு முகம் வெளுத்தது.

"நானா? ஏரிக்குள்ளேயா? அங்கே இரண்டாள் ஆழம் இருக்குமே!"

"எதில் ஆழம்? வறட்சியிலா?"

"வெள்ளம் ஐயா, வெள்ளம்! முந்தாநாளே ஏரி நிரம்பிவிட்டது! எனக்கு நீச்சல் தெரியாது!"

உத்தண்டி ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டான்.

"மந்திரியார் திருவாயாலேயே அறிவித்துவிட்டார், அரசே. வெள்ளம் வந்தது முந்தாநாள். சடையாண்டி திறந்தது நேற்று."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சடையாண்டியை அங்கேயே விடுவித்து, தன் பட்டுச் சால்வையை உத்தண்டிக்குப் போர்த்தினார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"வறட்சி மூன்றே நாளில் வெள்ளமாகிவிடுகிறதே உத்தண்டி, அடுத்த முறை எப்படிக் கண்டுபிடிப்பது?"

"ஐப்பசி பிறந்ததும் மந்திரியாரை ஏரிக்குள் நிறுத்திவிடுங்கள். கணுக்கால் நனைந்தால் வறட்சி முடிந்தது. இடுப்புக்கு வந்தால் நல்ல மழை. கழுத்துக்கு வந்தால் வெள்ளம், அவரே கத்திவிடுவார்."

"தலையும் முழுகிவிட்டால்?"

"அப்புறம் நாட்டுக்கு ஒரு குறையும் இருக்காது, அரசே!"