ராகுகாலத்தில் கழற்றிய போல்ட்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபது.

குரு நாகஜோதி போடியில் ஜீப்புகளுக்கு வயரிங் செய்கிறவள். மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறி இறங்குகிற ஜீப்புகளில் அவள் கை படாதது குறைவு. சீடர் தவசி முப்பத்து நாலு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு வாரமே ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். வண்டி வேலையையும் கற்றுக்கொள்கிறேன் என்று நாகஜோதியின் பட்டறைக்கு வந்து நின்றார்.

முதல் நாள், "ஏ பாப்பா" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

"தாயி" என்றார். அதற்கும் திரும்பவில்லை.

"குருவே!" என்று தலைக்கு மேலே கைகூப்பினார். கேலியாகத்தான்.

"பதிமூணாம் நம்பர் ஸ்பேனர எடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அந்தப் பெயரே நின்றுவிட்டது. கேலி மட்டும் நாலைந்து மாதத்தில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முருகனுக்கு உகந்த நாள் என்று தவசியே தேர்ந்தெடுத்தது. அவருடைய ஜீப்பின் பானட்டுக்குள் காற்றடிக்கிற கம்ப்ரஸரைப் பொருத்த வேண்டும். தோட்டத்துக்குப் போகிற பாதை முழுக்க உருட்டுக்கல். ஏறும்போது டயரில் காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இறங்கித் தார்ரோட்டுக்கு வந்ததும் நிரப்பிக்கொள்ள வேண்டும். நடுவழியில் பங்சர் கடைக்கு எங்கே போவது? அதனால் கம்ப்ரஸர் இல்லாத ஜீப்பில், தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகிற முருகாயி ஏற மாட்டாள். முருகாயி ஏறாவிட்டால் அவளோடு ஏலக்காய் பறிக்கப் போகிற ஒன்பது பெண்களும் ஏற மாட்டார்கள்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு முருகாயியே நேரில் வந்துவிட்டாள். கிடந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"கண்டக்டரே, நாலு மணி பஸ்ஸுல நான் ஊருக்குப் போயிருவேன். அதுக்குள்ள காத்தடிச்சுக் காட்டுனா நாளைலேர்ந்து ஒங்க வண்டி. இல்லைன்னா சன்னாசி வண்டி. அவன் வண்டில கம்ப்ரஸரும் இருக்கு, பாட்டும் இருக்கு."

"பாட்டு நானே பாடுவேன்த்தா."

"அதுக்குத்தான் பயப்படுறேன்."

தவசி தனியாகச் செய்கிற முதல் வேலை அது. 'நீங்க எட்டிக்கூடப் பாக்கக் கூடாது குருவே' என்று சொல்லியிருந்தார். நாகஜோதியும் எட்டிப் பார்க்காமல் பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள்.

அவர் செய்ததில் குறை சொல்ல முடியாது. முந்தின நாளே பானட்டுக்குள் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார், மூன்று கோட்டிங். போல்ட்டுகளைக்கூட விடவில்லை. காலையில் குளித்து, நல்ல நேரம் பார்த்து, சைலன்சர் சூடு படாத மூலையில் கம்ப்ரஸரை உட்கார வைத்தார். அதிராமல் இருக்கக் காலுக்கு ரப்பர் கொடுத்தார். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ஃப்யூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து கம்ப்ரஸர். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். வயரையெல்லாம் பின்னலைப் போல முறுக்கிக் கட்டியிருந்தார்.

மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. கண்ணை மூடி சுவிட்சை அமுக்கினார்.

டிக்.

அவ்வளவுதான். மறுபடி அமுக்கினார்.

டிக்.

"கூப்பிட்டா 'ம்' கொட்டுது. எந்திரிச்சு வரமாட்டேங்குதே!"

"எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றாள் முருகாயி.

ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தார், நன்றாக இருந்தது. ரிலேயை மாற்றினார், புது ரிலேயும் டிக் என்றது. பேட்டரி செத்துவிட்டதோ என்று ஹாரனை அமுக்கினார், முருகாயியின் வெற்றிலை கீழே விழுந்தது. கடைசியில் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி நசுக்கிவிட்டு வந்து அமுக்கினார்.

டிக்.

"கண்ணேறும் இல்ல போலிருக்கு" என்றாள் முருகாயி. மணி மூன்றே கால்.

"குருவே!"

நாகஜோதி வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கம்ப்ரஸரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கரண்டு போகுதா?"

"கம்ப்ரஸர் வாசல் வரைக்கும் போகுது. லைட்டு வச்சுப் பாத்துட்டேன்."

"திரும்பி வருதா?"

"திரும்பி வந்து என்ன செய்யப் போகுது? போறதுதானே முக்கியம்? எர்த் வயர வண்டி பாடில ஒரு போல்ட்டுல மாட்டிட்டேன். அது சும்மா பேருக்குத்தானே குருவே?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்க பஸ்ஸுல அம்பது பேர் ஏறியாச்சு. ஒருத்தரும் இறங்க முடியல, படியெல்லாம் அடைச்சிருக்கு. அடுத்த ஸ்டாப்புல என்னாகும்?"

"என்னாகும்? ஒரு ஆள் ஏற முடியாது. என் சட்டைதான் கிழியும்."

"ம்."

தவசி கம்ப்ரஸரைத் திரும்பிப் பார்த்தார். அதன் வாசலில் ஐம்பது பேர் நிற்பது போலத்தான் இருந்தது.

நாகஜோதி ஒரு துண்டு வயரை எடுத்தாள். ஒரு முனையைக் கம்ப்ரஸரின் எர்த் வயரிலும் மறு முனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்தாள்.

"இப்ப அமுக்குங்க."

டிக். கடகடகடகட என்று கம்ப்ரஸர் அலறியது. அவள் வயரை எடுத்தாள். நின்றது.

"ஐயையோ, ஓடுச்சே! ஏன் எடுத்தீங்க?"

"நான் ஓட்டல. கரண்டு இறங்க வழி கேட்டுச்சு, குடுத்தேன்." எர்த் வயரை மாட்டியிருந்த சிவப்பு போல்ட்டைக் காட்டினாள். "இதக் கழட்டுங்க."

தவசியின் முகம் மாறிவிட்டது.

"முடியாது குருவே."

"ஏன்?"

"மணி மூணு இருபது. செவ்வாக்கிழமை மூணுலேர்ந்து நாலரை ராகுகாலம். இது நல்ல நேரத்துல முடுக்கினது."

"நாலு மணிக்கு எனக்கு பஸ்ஸு" என்று முருகாயி எழுந்தே விட்டாள். "ஏன் கண்டக்டரே, முப்பத்து நாலு வருஷம் ராகுகாலத்துலயும் விசில் ஊதுனவருதானே நீங்க?"

"அது கவர்மெண்டு விசில்த்தா. பாவமும் கவர்மெண்டுக்குப் போயிரும்."

நாகஜோதி சிரிக்கவில்லை. "ராகுகாலத்துல எதையும் ஆரம்பிக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

"ஆமா."

"கழட்டுறது ஆரம்பமா?"

தவசி யோசித்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு கழற்றினார். மறைத்து என்ன செய்ய? முருகாயி மறுபக்கமாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"அட! உள்ள ஒரு கோயிலே இருக்கு!"

வயர் முனைக்கு அடியில் வட்டமாகச் சந்தனம், காய்ந்து பொருக்காகி இருந்தது. நடுவில் குங்குமம்.

தவசி தரையைப் பார்த்தார். "வெளிய வச்சா கை பட்டு அழிஞ்சிருது. மழை பட்டாக் கரைஞ்சிருது. அதான் அடியில வச்சு முடுக்கினேன். பழநிச் சந்தனம் குருவே."

"எத்தனை போல்ட்டுக்கு?"

"இன்னைக்கு முடுக்கின அத்தனைக்கும்."

"மத்ததெல்லாம் சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான். அதுகளுக்கு இருக்கட்டும். இது ஒண்ணு வழியாத்தான் கரண்டு இறங்கணும். பெயிண்டும் சந்தனமும் படிய அடைச்சுக்கிட்டு நிக்குது." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து நீட்டினாள்.

"சாமி சந்தனத்தச் சுரண்டவா சொல்றீங்க?"

அவள் உப்புத்தாளை நீட்டியபடியே நின்றாள்.

தவசி முதலில் சந்தனப் பொருக்கை நகத்தால் பெயர்த்துக் கண்ணில் ஒற்றி, நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு தேய்த்தார். மேல் கோட்டிங் போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதும் போன பிறகு, ஒரு ரூபாய் அகலத்துக்கு இரும்பு வெள்ளையாகச் சிரித்தது. போல்ட்டையும் பளபளவென்று தேய்த்தார். எர்த் வயரை வைத்தார். ஸ்பேனரைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

முடுக்குவது ஆரம்பம்தானே?

குருவைப் பார்த்தார். குரு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தார், நாலாக ஏழு நிமிஷம். தூரத்து வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. முருகாயி சேலையை உதறிப் பையை எடுத்தாள்.

தவசி கண்ணை மூடிக்கொண்டார். உதடு முணுமுணுத்தது. முருகாயிக்கு மட்டும் கேட்டது:

"முருகா, ராகுகிட்ட நீயே பேசிக்கப்பா."

முடுக்கினார். அமுக்கினார்.

டிக். கடகடகடகடகட.

குழாயை டயரில் மாட்டினார். கேஜில் முள் இருபதுக்கு வந்தது, இருபத்தஞ்சுக்கு வந்தது, முப்பதில் போய் நின்றது. முருகாயி டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தாள்.

"காலைல அஞ்சரைக்கு வந்துருங்க. பாட்டு வேண்டாம்."

சொல்லிக்கொண்டே ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள். அவள் ஏறியதும் தவசி, பழக்க தோஷம், இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் விட்டார். பஸ் கிளம்பிவிட்டது. படியில் பாதி ஏறியிருந்த நிஜக் கண்டக்டர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே திட்டியது வளைவு வரை கேட்டது.

தவசி திரும்பி வந்தார். சந்தனக் கிண்ணம் வண்டி மட்கார்டின் மேல் இருந்தது.

"குருவே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பக்தியோடதான் செஞ்சேன். அதுவே குறுக்க நின்னுருச்சே. அப்ப இனிமே சந்தனமே வைக்கக் கூடாதா?"

நாகஜோதி கிண்ணத்தை எடுத்தாள். கிரீஸ் படியாத விரல் எது என்று தேடினாள். மோதிர விரல் சுத்தமாக இருந்தது. அதில் சந்தனத்தைத் தொட்டு, அவர் முடுக்கிய போல்ட்டின் தலையில் ஒரு பொட்டு வைத்தாள்.

"மொதல்ல இரும்பு இரும்பைத் தொடட்டும் ஐயா. அப்புறம் வைங்க."