ஏற்றத்தின் இரண்டாம் ஆள்

தம் மாளிகையின் பாறைப் புழக்கடையில் அருவியுடன் குளம் தோண்ட முடியாது என்று சொன்ன கல்தச்சன் வேலப்பனை ஜமீன்தார் சிறையிலிட்டார்.

"ஒரு வாரத்தில் குளம் வந்தால் அவனும் வருவான்" என்றார், அவன் மனைவி பவளக்கொடியிடம்.

அவள் தோண்டவேயில்லை. பாறைமேல் சுற்றிலும் கல்லடுக்கிச் சுண்ணாம்பு பூசிக் கரை எழுப்பினாள். மேட்டுக் கிணற்றில் ஏற்றம் நிறுத்தி, நீர் குளத்தில் விழ வாய்க்கால் அமைத்தாள்.

எட்டாம் நாள் ஜமீன்தார் வந்தார். "அருவி எங்கேயடி?"

"ஏற்றத்தின் மேலேறி மிதிக்க ஒரு ஆள் வேண்டும், எசமான். கீழே நீர்ச்சாலைப் பிடிக்க நான் இருக்கிறேன்."

அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக மிதித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் பிடித்த சால் கிணற்றுச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

"என் கைக்கு ஒரே காலடிதான் பழக்கம், எசமான். அந்தக் கால் தங்கள் விலங்கில் இருக்கிறது."

ஜமீன்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவிக்கு ஆளனுப்பினார்.

மாலையில் அருவி விழுந்தது. மேலிருந்து வேலப்பன் பாடிய ஏற்றப்பாட்டின் அடிக்குக் கீழிருந்து பவளக்கொடி மறு அடி பாடினாள்.