கேபினெட்டோடு சும்மா வந்த ஓசி

ஒரு காலத்தில், ரொம்பப் பழைய காலமில்லை, போன மழைக்கு முந்தி, திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடிக் கடையில் கனத்தக்கா இருந்தாள். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை. கனத்தக்கா ஓர் எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொருவருக்கும் வேண்டிய அளவு பிரித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கையில் எடுத்தால் செங்கல் மாதிரி கனப்பாள். அதனால்தான் அந்தப் பெயர்.

இரண்டு வருஷமாக அவளை ஒருத்தரும் எடுக்கவில்லை. எதற்கு எடுக்கணும்? பாடுவாளா, ஆடுவாளா, பச்சை சிவப்பு என்று மின்னுவாளா? முதல்முதலாக கேமிங் கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் வாங்குவார்கள். முதலில் கிராபிக்ஸ் கார்டு, அப்புறம் பிராசஸர், அப்புறம் இதையெல்லாம் உள்ளே வைக்கிற கண்ணாடிப் பெட்டி, அதாவது கேபினெட். அதற்குள் கை காலியாகிவிடும். "எஸ்எம்பிஎஸ் எதாவது ஒண்ணு போடுங்க பாய்" என்பார்கள். கேபினெட்டோடு சும்மா ஒன்று வரும். அதையே மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாருக்கும் சோறு போடப்போகிறவளைக் கடைசியில், அதுவும் ஓசியில் பிடிக்கிற கூட்டம்! இதைப் பார்த்துப் பார்த்துக் கனத்தக்காவுக்கு அலுத்துவிட்டது. முதலில் கோபமாவது வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் வருவதில்லை.

அப்படி ஒருநாள் காலையில் ஜெசிந்தா படியேறி வந்தாள். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நாள்முழுக்க நிற்கிறவள். வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு விளையாட்டெல்லாம் தெரியாது பாய்" என்றாள். "தம்பி ஜெரோம் குவைத்துல இருக்கான். போன் போட்டா 'நல்லாருக்கேன்'னு ஒரு வார்த்தை, உடனே வச்சிருதான். மூணு மாசமா இதே கதை. அவனுக்கு என்னமோ ஆயிருக்கு, எனக்குத் தெரியுது. ஆனா கேம் ஆடுறப்ப மட்டும் மணிக்கணக்கா பேசுதானாம். அவன் கூட்டாளி சொல்லுதான். அப்ப நானும் அங்க போய்த்தான ஆகணும்?"

கடைக்காரர் பீர் முகமது பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையில என்ன இருக்கும்மா?"

"சீட்டு எடுத்த பணம். இது போச்சுன்னா அடுத்தது கிடையாது பாய். பாத்துச் செய்யுங்க."

பாயும் பார்த்துத்தான் செய்தார், எல்லாருக்கும் செய்கிற மாதிரியே. தம்பியின் கூட்டாளி அனுப்பிய பட்டியலை ஜெசிந்தா போனில் காட்ட, ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பட்டியலின் கடைசியில், எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு வருவதே போதும் என்று போட்டிருந்தது.

மேசையில் சண்டை ஆரம்பித்தது.

"நான் இல்லாட்டி அவளுக்கு வெறும் இருட்டுதான்" என்றது மூன்று விசிறி வைத்த கிராபிக்ஸ் கார்டு.

"யோசிக்கிறது யாரு? நீயா?" என்றது பிராசஸர்.

"வீட்டுக்கு வர்றவங்க கண்ணுல முதல்ல படுறது நான்தான்" என்று கேபினெட் தன் விளக்குகளை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது.

"கத்தாதீங்கப்பா, எல்லாரும் என் மடியிலதான் உக்காரணும்" என்று மதர்போர்டு அலுத்துக்கொண்டது.

கேபினெட்டுக்குள் ஒரு பாலிதீன் பையில் சுருண்டுகிடந்த இலவச எஸ்எம்பிஎஸ் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பெயர்கூட யாரும் வைக்கவில்லை. ஓசி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். மேசையில் கூச்சல் கொஞ்சம் அடங்கியதும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"கனத்தக்கா, என் முதுகுல ஐந்நூறு வாட்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அதுல பாதிகூட என்கிட்ட இல்ல. நான் என்ன செய்ய?"

"எல்லாரும் செய்றதைச் செய்" என்றாள் கனத்தக்கா. அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குடுக்கிறதுக்கு முன்னாடி பாய் பத்து நிமிஷம் கேம் ஓட்டிப் பார்ப்பார். அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. வீடு போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் அவங்க பாடு."

"அப்புறம்?"

"ஒரு மாசம் ஓடும். ரெண்டு மாசம் ஓடும்."

"அதுக்கப்புறம்?"

"வெடிப்பே. போறப்ப தனியாவும் போக மாட்டே. போர்டு, கார்டு எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுத்தான் போவே."

"அந்த அக்காவுக்கு இது ஒரே பணமாமே."

"ஏய், சும்மா என்னைப் போட்டு நோண்டாதே" என்று எரிந்து விழுந்தாள் கனத்தக்கா. அப்புறம் அவளுக்கே சங்கடமாக இருந்தது. எத்தனை பேருக்கு இதே புத்தியைச் சொல்லியிருக்கிறாள்! எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். யாரும் இப்படி மேலே மேலே கேட்டதில்லை.

பாய் எல்லாவற்றையும் பூட்டி முடித்து, கேமைப் போட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரையில் ஒரு கார் மலைப்பாதையில் பறந்தது. ஜெசிந்தா வாயைப் பிளந்து பார்த்தாள்.

"இன்னும் குடு" என்றது கிராபிக்ஸ் கார்டு. "எனக்கும்" என்றது பிராசஸர். ஓசி கொடுத்தான். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அவனுக்குள் ஏதோ சீறத் தொடங்கியது.

"பிடிச்சுக்கோடா, இன்னும் ஏழே நிமிஷம்!" என்று கேபினெட் கத்தியது.

"எனக்குத் தாங்காது" என்றான் ஓசி. பயந்தபடிதான் சொன்னான், ஆனாலும் எல்லார் காதிலும் விழச் சொன்னான். "ஸ்டிக்கர் பொய். எனக்குத் தாங்காது." பிடித்திருந்த மூச்சை, யாரையும் கூட இழுத்துக்கொள்ளாமல், அப்படியே விட்டுவிட்டான்.

டப்பென்று ஒரு சத்தம். திரை இருண்டது. கருகிய வாடை அடித்தது.

பாய் பதறிப்போய் ஒவ்வொன்றாகக் கழற்றி, வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்த்தார். போர்டு பிழைத்திருந்தது, கார்டும் பிராசஸரும் பிழைத்திருந்தன. ஓசி மட்டும்தான் போயிருந்தான்.

"சீ, மானத்தை வாங்கிட்டானே" என்றது கேபினெட். "பத்து நிமிஷம்கூட நிக்கத் துப்பில்லை" என்றது கார்டு. பாய் அவனை ஓட்டைச் சாமான் கூடையில் போட்டார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கனத்தக்கா ஒருத்தனைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்ன புத்தி அவனுக்கு ஏறவில்லை, நல்லவேளை ஏறவில்லை என்று நினைத்து வெட்கப்பட்டாள்.

"தப்பு என் மேலதான்மா" என்றார் பாய். "வாங்குறவங்க கேக்கிறதைக் குடுத்தே பழகிட்டேன். இது உன் வீட்டுல வச்சுப் போயிருந்தா எல்லாம் சேந்து போயிருக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணு இருக்கு. ஆனா அதைப் போடணும்னா கார்டைச் சின்னதாக்கணும். கண்ணாடி கேபினெட்டும் கிடையாது, தகரம்தான்."

"சின்னக் கார்டுன்னா அவன்கூடப் பேச முடியாதா?"

"பேச்சுக்கு என்ன? படம் கொஞ்சம் மங்கலாத் தெரியும், அவ்வளவுதான்."

"மங்கலாத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது" என்றாள் ஜெசிந்தா. "நான் என்ன படம் பாக்கவா வாங்குதேன்?"

கண்ணாடி கேபினெட் விளக்குகளை அணைத்துக்கொண்டு தன் அட்டைப்பெட்டிக்குத் திரும்பியது. பாய் கனத்தக்காவை எடுத்துத் தூசி தட்டினார்.

குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு. ஜெசிந்தாவும் தன் வார லீவை வெள்ளிக்கு மாற்றிக்கொண்டாள். முதல் வெள்ளி அவள் காரை நேராக மரத்தில் கொண்டுபோய் முட்டினாள். ஜெரோம் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த வெள்ளி எப்படித் திருப்புவது என்று சொல்லிக்கொடுத்தான். வேறெதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்றாவது வெள்ளி மத்தியானம் அவன் கார் ரோட்டோரத்தில் அசையாமல் நின்றது.

"என்னடா, வண்டியை நிப்பாட்டிட்ட?"

"ஒண்ணுமில்லக்கா." அவன் கார் விளக்கு இரண்டு தடவை எரிந்து அணைந்தது. பிறகு, "அக்கா..." என்றான்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் தடுமாறியது. மேலே ஓடிய ஃபேன் தளர்ந்தது, விளக்கு மங்கியது. பெட்டிக்குள் எல்லாரும் அலறினார்கள். கனத்தக்கா அலறவில்லை. தன் வயிற்றில் சேர்த்துவைத்திருந்த கரண்டை எல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். இந்த ஒரு பேச்சு அறுந்தால் இனி அவன் வாயைத் திறக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உடம்பெல்லாம் காந்தியது. விளக்கு மறுபடி எரிந்தபோது திரை அணையாமல் இருந்தது.

"எனக்கு இங்க முடியலக்கா" என்றான் ஜெரோம்.

ஜெசிந்தா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"பாஸ்போர்ட் உன் கையிலதான இருக்கு?"

"இருக்கு."

"இதைச் சொல்லவாடா உனக்கு இத்தனை மாசம்? கிளம்பி வா."